பைத்தான் நிரலில் சி நூலகங்களை இயங்குநிலையில் ஏற்றுதல்: தமிழ்ச் சொல் ஒப்பீட்டை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பெருந்தொகையான தமிழ்ச் சொற்களை ஒப்பிடும் ஆய்வுகளில், விரைவு கருதி, சி மொழியில் எழுதி இயந்திரமொழிக்கு மாற்றப்பெற்ற நூலகங்களைப் பைத்தான் நிரலுக்குள் ஏற்றிப் பயன்படுத்தும் வழக்கம் உள்ளது. இவ்வேற்றம் நிகழும் முறையையும், அதில் தரவினம், எழுத்து ஆகிய இரண்டும் எல்லையில் இழக்கப்படும் விதத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது. இழப்பு பெரும்பாலும் பிழைச்செய்தியாக வெளிப்படாமல் தவறான எண்ணாக வெளிப்படுகிறது என்பதைச் சுவடிப் பாடவேறுபாட்டு ஒப்பீட்டிலிருந்து பெற்ற சான்றுகளால் காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பைத்தான், சி மொழி, பகிர்வு நூலகம், சிடைப்ஸ், யுடிஎஃப்-8, திருத்தத் தொலைவு, பாடவேறுபாடு.

முன்னுரை

ஒரு நூலின் பல சுவடிகளில் காணப்படும் சொல்வடிவங்களைத் தொகுத்து, எவை எவற்றோடு நெருங்கியவை எனக் கணினியால் காண முற்படுவோர் பெரும்பாலும் கையாள்வது திருத்தத் தொலைவு என்னும் அளவையாகும். ஒரு சொல்லை மற்றொரு சொல்லாக மாற்றக் குறைந்தது எத்தனை சேர்த்தல், நீக்கல், பதிலீடு தேவை என்பதே அத்தொலைவு. சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் முன்வைத்த இவ்வளவை அவர் பெயராலும் வழங்குகிறது.

கணக்கு எளியது, எண்ணிக்கைதான் பெரிது. 10,000 சொல்வடிவங்களை ஒன்றோடொன்று ஒப்பிட 4,99,95,000 இணைகள் உண்டாகின்றன. ஒவ்வோர் இணைக்கும் ஓர் அட்டவணை நிரப்பப்பெற வேண்டும். இரு சொற்களும் ஆறெழுத்துடையன எனக் கொண்டால் அவ்வட்டவணையில் 36 கட்டங்கள். ஆக மொத்தம் ஏறத்தாழ 180 கோடிக் கட்டங்கள். பைத்தான் ஒவ்வொரு கட்டளையையும் இயங்கும்போதே பொருள்கண்டு நிறைவேற்றும் மொழி. எழுதுவதற்கு இனியது, இத்தகைய சுழற்சிகளில் மெதுவானது. அதே கணக்கைச் சி மொழியில் எழுதி இயந்திரமொழிக்கு மாற்றிவிட்டால் பலமடங்கு விரைவாக முடியும். எனவே ஆய்வாளர் தம் நிரலைப் பைத்தானிலேயே வைத்துக்கொண்டு, அக்கணக்கை மட்டும் சி நூலகத்திடம் ஒப்படைக்க விரும்புகிறார். அவ்வொப்படைப்பின்போது என்ன நிகழ்கிறது என்பதே இங்கு ஆய்பொருள்.

தனி ஓட்டமும் உள்ளேற்றமும்

தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் சி++ நிரல்களைப் பைத்தானில் இறக்கம் செய்தல் பற்றித் தனிப் பாடமே உள்ளது. அங்குச் செய்துகாட்டப்படும் முறையில், பைத்தான் நிரல் இயக்க அமைப்பின் வழியாகச் சி++ நிரலை மொழிமாற்றச் செய்து, பின்னர் அதனைத் தனி நிரலாக ஓடவிடுகிறது. இரண்டும் தனித்தனி வீடுகள். இடையே கடிதப் போக்குவரத்து மட்டுமே. கற்பிக்க ஏற்ற முறைதான். ஆயினும் ஐந்து கோடி முறை அழைக்கவேண்டிய கணக்குக்கு அது உதவாது.

மற்றொரு முறை, நூலகத்தைப் பைத்தான் ஓடிக்கொண்டிருக்கும் அதே நினைவகப் பரப்புக்குள் கொண்டுவருவது. சி நிரலை முழுமையான நிரலாக அன்றிப் பகிர்வு நூலகமாக மொழிமாற்றினால் ஒரு கோப்புக் கிடைக்கும். லினக்ஸில் அதன் பின்னொட்டு எஸ்ஓ, விண்டோஸில் டிஎல்எல், மேக் கணினியில் டைலிப். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இக்கோப்பைத் திறந்து நினைவகத்தில் பொருத்தும் பணியை லினக்ஸில் டிஎல்ஓப்பன் என்னும் செயற்கூறும், விண்டோஸில் லோட்லைப்ரரி என்னும் செயற்கூறும் செய்கின்றன. பொருத்திய நூலகத்தில் குறிப்பிட்ட பெயருடைய செயற்கூறு எந்த முகவரியில் உள்ளது எனத் தேடித் தருபவை முறையே டிஎல்சிம், கெட்ப்ராக்அட்ரஸ் என்பன.

டிசிஎல், லுவா, ஆர் ஆகிய மொழிகளும் இவ்வசதியை வெவ்வேறு பெயர்களில் தருகின்றன. பைத்தானில் இதற்கென உள்ள சிடைப்ஸ் தொகுதி 2006இல் வெளிவந்த 2.5ஆம் பதிப்பு முதல் செந்தர நூலகத்தின் பகுதியாக இருந்துவருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பதால் ஆய்வாளர்கள் முதலில் நாடுவதும் இதனையே.

நூலகக் கோப்பில் இல்லாதது

சி மூலநிரலில் ஒவ்வொரு செயற்கூறும் தான் பெறுவன எவை, திருப்பித் தருவது எது எனத் தரவினங்களோடு அறிவிக்கிறது. மொழிமாற்றியும் அவற்றைச் சரிபார்க்கிறது. ஆனால் மொழிமாற்றம் முடிந்தபின் கோப்பின் பெயர்ப்பட்டியலில் எஞ்சுவது செயற்கூற்றின் பெயரும் அது இருக்குமிடமும் மட்டுமே. அஃது இரண்டு முழு எண்களைப் பெறுமா, ஒரு சரத்தைப் பெறுமா, மிதப்புப் புள்ளி எண்ணைத் தருமா என்னும் செய்தி அங்கு இல்லை. சி++ மொழிமாற்றிகள் பெயரோடு தரவினக் குறிப்பையும் பிணைத்துப் பெயரையே உருமாற்றிவிடுகின்றன. அதனால்தான் சி++ செயற்கூறுகளைச் சி முறையில் வெளியிடுமாறு மூலநிரலில் சொல்லாவிடில், டிஎல்சிம் அவற்றை எழுதிய பெயரில் தேடிக் காணாமல் திரும்புகிறது. அந்தத் தோல்வியாவது உடனே தெரிந்துவிடுகிறது.

தரவினத்தைச் சொல்லவேண்டிய பொறுப்பு பைத்தான் நிரலை எழுதுவோரிடம் வந்துசேர்கிறது. பெறுவனவற்றை ஆர்க்டைப்ஸ் என்னும் பண்பிலும், திருப்பித் தருவதை ரெஸ்டைப் என்னும் பண்பிலும் அவர் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிடில் சிடைப்ஸ் அழைப்பை மறுப்பதில்லை. திரும்பி வருவது சி மொழியின் சாதாரண முழு எண் எனத் தானே கொண்டுவிடுகிறது.

இதன் விளைவு இருவகை. செயற்கூறு ஒரு சுட்டைத் திருப்பித் தருவதாகக் கொள்வோம். 64 பிட் கணினியில் சுட்டு 8 பைட்டு, சாதாரண முழு எண் 4 பைட்டு. முகவரியின் மேற்பாதி வெட்டுண்டு, எஞ்சிய பாதி முகவரியாகக் கருதப்பட, நிரல் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். பைத்தானின் வழக்கமான பிழைச்செய்திகூட வராது. ஏனெனில் பிழை நேர்ந்தது பைத்தானின் ஆட்சிக்கு வெளியே.

இரண்டாம் வகையே அஞ்சத்தக்கது. இன்டெல், ஏஎம்டி வகை 64 பிட் செயலிகளில் முழு எண் ஒரு பதிவகத்திலும் மிதப்புப் புள்ளி எண் வேறொரு பதிவகத்திலும் வைத்துத் திருப்பப்படுகின்றன. இரு சொற்களின் ஒப்புமை விகிதத்தைக் கணக்கிட்டு மிதப்புப் புள்ளி எண்ணாகத் தரும் செயற்கூற்றுக்கு ரெஸ்டைப் அறிவிக்க மறந்தால், சி செயற்கூறு சரியான விடையை ஒரு பதிவகத்தில் வைத்துவிட்டுத் திரும்ப, பைத்தான் மற்றொரு பதிவகத்தைத் திறந்து அங்கு முன்பு எஞ்சிக்கிடந்த ஏதோ ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறது. நிரல் நிற்பதில்லை, அட்டவணையும் நிரம்பிவிடுகிறது.

ஒரு சொல், பல நீளங்கள்

தரவினத்தை அடுத்து எழுத்து. தமிழ் என்னும் சொல்லில் எழுத்து மூன்று. ஒருங்குறியில் உயிர்மெய்யின் உயிர்க்குறியும் மெய்யின் புள்ளியும் தனிக் குறியீடுகளாதலின், அச்சொல் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகிறது. பைத்தானிடம் நீளம் கேட்டால் 5 என்றே விடை வரும். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. ஆகவே சி மொழியின் ஸ்ட்ரிங்லென் செயற்கூறு 15 என்கிறது. சி அறிந்தது பைட்டை மட்டுமே. பூச்சியம் வரும்வரை எண்ணிச்செல்வது அதன் வழக்கம்.

மூன்றும் அவ்வவற்றின் நோக்கில் சரியான விடைகளே. ஆனால் ஆர்க்டைப்ஸ் அறிவிக்காமல் பைத்தான் சரத்தை அப்படியே ஸ்ட்ரிங்லென் செயற்கூற்றிடம் கொடுத்தால் நான்காவது விடை ஒன்று பிறக்கிறது. சிடைப்ஸ் அச்சரத்தை அகல எழுத்துருக்களின் வரிசையாக அனுப்புகிறது. லினக்ஸில் அகல எழுத்துரு 4 பைட்டு. தகரத்தின் குறியீட்டெண் 2980. சிறிய பைட்டை முதலில் வைக்கும் நம் கணினிகளில் அது 164, 11, 0, 0 என அமைகிறது. மூன்றாம் இடத்திலேயே பூச்சியம் வந்துவிடுவதால் சொல் அங்கு முடிந்ததாகக் கருதி ஸ்ட்ரிங்லென் 2 என்று விடை சொல்கிறது. விண்டோஸில் அகல எழுத்துரு 2 பைட்டுதான். இடையில் பூச்சியம் இல்லாமையால் அங்கு விடை 10. துறையின் கணினியில் ஒரு முடிவும் வீட்டு மடிக்கணினியில் வேறொரு முடிவும் வந்தால் பலரும் முதலில் ஐயுறுவது தரவுக் கோப்பைத்தான். பெறுவது பைட்டுச் சரம் என ஆர்க்டைப்ஸில் அறிவித்திருந்தால், சாதாரணச் சரத்தைக் கொடுத்தவுடன் சிடைப்ஸ் அழைப்பை மறுத்திருக்கும்.

புள்ளி ஒன்று, பைட்டு மூன்று

அறிவிப்புகளை எல்லாம் முறையாகச் செய்து, சொற்களை யுடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றி அனுப்பியபின்னும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. கட்டுரையாளர் நேரில் பட்டறிந்தது இது. ஆங்கிலச் சொற்களை மனத்திற்கொண்டு எழுதப்பெற்ற திருத்தத் தொலைவு நூலகம் ஒன்றை ஏற்றிப் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு, தொலைவு 2 வரை உள்ளவை எழுத்து மயக்கம், அதற்கு மேற்பட்டவை ஆராயத்தக்க பாடம் என வகுத்து, ஓர் இயலின் அட்டவணைகளும் எழுதியாகிவிட்டன. நெறியாளர் ஒரு வரியில் விரல் வைத்து, புள்ளி விடுபட்ட வடிவந்தானே இது, ஆராயத்தக்க பாடத்தில் ஏன் நிற்கிறது என்று வினவினார்.

நூலகம் எண்ணியது எழுத்துகளை அன்று, பைட்டுகளை. பால் என்பது புள்ளியின்றிப் பால என எழுதப்பெற்றால் இழப்பு 3 பைட்டு, தொலைவு 3. மரம், மறம் என்பனவற்றில் ரகர றகரங்களின் கடைசிப் பைட்டு மட்டும் வேறு, தொலைவு 1. வால், வாள் என்பனவும் அவ்வாறே. மெய் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் கூறும் எழுத்திலக்கணமாயினும், ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடவில்லை என்பதைச் சுவடி பயில்வோர் அறிவர். பாடமே ஆகாத அவ்விடுபாடு பெருவேறுபாடாகவும், பொருளையே மாற்றும் ரகர றகர வேறுபாடு சிறுமயக்கமாகவும் அட்டவணையில் இடம்மாறி நின்றன.

குறில் நெடில் வேறுபாட்டிலோ ஒழுங்கே இல்லை. பல், பால் இரண்டிடையே தொலைவு 3, ஏனெனில் அகரத்திற்குத் தனிக்குறி இல்லை. பிடி, பீடி இரண்டிடையே 2: இகரக்குறியின் பைட்டுகள் 224, 174, 191, ஈகாரக்குறியின் பைட்டுகள் 224, 175, 128. இவ்விரு குறிகளுக்கு இடையில் எண்வரிசை ஒரு படி தாண்டுவதால் இரண்டு பைட்டுகள் மாறுகின்றன. குடம், கூடம் இரண்டிடையே தொலைவு 1 மட்டுமே. மூன்று இணைகளிலும் மொழியியல் வேறுபாடு ஒன்றுதான்: உயிரின் மாத்திரை.

கொடி என்னும் சொல்லின் ஒகரக்குறியை ஒற்றைக் குறியீடாகவும் உள்ளிடலாம். எகரக்குறி, ஆகாரக்குறி என இரண்டாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டு ஒப்பீட்டில் தொலைவு 4. வெவ்வேறு தட்டச்சுக் கருவிகளால் உள்ளிடப்பெற்ற இரண்டு கோப்புகளை ஒப்பிடுவோர் இவ்விடத்தில் தனிக்கவனம் கொள்ளுதல் வேண்டும். பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியால் முதலிலேயே ஒருவடிவாக்கிவிட்டால் இது தீரும்.

எழுத்தெண்ணை அனுப்புதல்

தீர்வு சி நூலகத்தைத் தமிழ் அறியச் செய்வதில் இல்லை. எழுத்துப் பிரிப்பைப் பைத்தானிலேயே முடித்து, உயிர்மெய் உட்பட ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, எண்களின் வரிசையை மட்டும் எல்லைக்கு அப்பால் அனுப்புவதே எளிது. பிரிப்பு ஒரு சொல்லுக்கு ஒருமுறைதான், ஒப்பீடு கோடிக்கணக்கில். விரைவு குறைவதில்லை.

இங்கும் ஒரு பள்ளம் உண்டு. தமிழெழுத்து 247, ஒரு பைட்டு 0 முதல் 255 வரை கொள்ளும், எனவே எழுத்துக்கு ஒரு பைட்டு போதும் என்று தோன்றும். ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய நான்கின் வரிசைகளையும் சேர்த்தால், வரிசைக்கு 13 வீதம் 52 கூடி, எண்ணிக்கை 299 ஆகிறது. க்ஷகர வரிசையும் ஸ்ரீயும் இன்னும் சேரவில்லை. சிடைப்ஸ் தன் எண்வகைகளில் கொள்ளளவு மீறலைச் சோதிப்பதில்லை. குறியற்ற ஒரு பைட்டுக்குள் 256ஐ இட்டால் அங்கு நிற்பது 0. பூச்சியங்கண்டு நிற்கும் நூலகம் அந்த வடவெழுத்து வந்த இடத்திலேயே சொல்லை முடித்துவிடும். ஆகவே எழுத்துக்கு 2 பைட்டு கொண்ட குறியற்ற முழு எண்ணைக் கொள்வதும், சொல்லின் நீளத்தைத் தனி அளபுருவாக அனுப்புவதும் நலம்.

நூலகம் புதிய சரம் ஒன்றைத் தானே ஆக்கித் திருப்பித் தருவதாயின் அதன் நினைவகத்தை விடுவிக்கும் கடமை யாருடையது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரெஸ்டைப்பில் பைட்டுச் சரம் எனச் சொன்னால் சிடைப்ஸ் அதனை உடனே பைத்தான் பைட்டுகளாகப் படியெடுத்துவிடுகிறது. மூல முகவரி கைக்கு வருவதில்லை, விடுவிக்கவும் இயலாது. ஐந்து கோடி அழைப்புகளில் கணினியின் நினைவகம் இவ்வாறே நிரம்பிவிடும். தொலைவை எண்ணாகத் தரும் செயற்கூற்றில் இச்சிக்கல் எழாது.

இம்முறையில் மீண்டும் கணக்கிட்டபோது பால், பால என்பனவற்றின் தொலைவும் மரம், மறம் என்பனவற்றின் தொலைவும் ஒன்றாக, 1 என நின்றன. புள்ளி விடுபாட்டுக்கு எவ்வளவு எடை, றகர மயக்கத்துக்கு எவ்வளவு எடை என்பதை அதன்பின் சுவடியியல் அறிவுகொண்டு வகுக்க இடம் கிடைத்தது. மேலே கூறிய இணைகளும், ஹகரம் பயின்ற ஒரு சொல்லும், இரு முறையில் உள்ளிட்ட கொடியும் இப்போது ஒரு சிறு கோப்பில் உள்ளன. நூலகத்தை மொழிமாற்றும் ஒவ்வொரு முறையும், கணினி மாறும் ஒவ்வொரு முறையும், தரவுக்கு முன் அக்கோப்பே ஓட்டப்படுகிறது.