கேட்டது லண்டன், கிடைத்தது அட்லாண்டா: ஆன்சைட் கனவை 1961-லேயே கலாய்த்த கோக் படம்!

'டார்கெட்டை முடிச்சா ஆன்சைட் உறுதி' என்ற வாக்குறுதியை நம்பி வீக்எண்டிலும் லேப்டாப்பைத் திறக்கிறவரா நீங்க? பில்லி வைல்டர் இயக்கிய 'ஒன், டூ, த்ரீ' உங்களுக்கான படம். வெளியாகி 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் அதில் வரும் மேனேஜர் இன்றும் எல்லா ஆபீஸிலும் இருக்கிறார்!

கதை என்ன?

மேற்கு பெர்லினில் கோகோ கோலா நிறுவனத்தின் தலைவர் மெக்னமாரா (ஜேம்ஸ் காக்னி). மேற்கு ஐரோப்பாவுக்குப் பொறுப்பான லண்டன் பதவி மீது அவருக்குக் கண். சோவியத் யூனியனுக்குள் கோக்கை நுழைத்துவிட்டால் அது கைக்கு வந்துவிடும் என்பது கணக்கு. அந்த நேரம் பார்த்து அட்லாண்டா தலைமையகத்தில் இருக்கும் பாஸ், தன் மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி பெர்லினுக்கு அனுப்புகிறார். அவளோ கிழக்கு பெர்லின் கம்யூனிஸ்ட் இளைஞன் ஓட்டோவை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பாஸ் நேரில் வருவதற்குள் அந்தப் புரட்சிக்காரனை கோட்-சூட் மாப்பிள்ளையாக மாற்றணும். இதுதான் மெக்னமாராவின் டெட்லைன்.

குடும்பம் என்ன சொல்கிறது?

படம் கடிக்கும் இடம் இதுதான். நாடு நாடாக இடம் மாறி அலுத்துப்போன மனைவி ஃபிலிஸுக்குச் சொந்த ஊர் திரும்பினால் போதும். கணவர் அதைக் காதில் வாங்குவதே இல்லை. கடைசியில் அவர் பிள்ளைகளோடு கிளம்பியேவிடுகிறார்.

நிஜத்தில் நடந்த ட்விஸ்ட்

பெர்லினில் ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தபோதே, 1961 ஆகஸ்ட் 13 அன்று நகரத்தின் குறுக்கே எல்லை மூடப்பட்டு, சுவர் எழத் தொடங்கியது. படக்குழு மியூனிக்குக்குப் போய், அங்கே பிராண்டன்பர்க் கேட்டை செட் போட்டுப் படமெடுத்தது. குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து கிடந்த நேரத்தில் இந்த நகைச்சுவை யாருக்கும் ரசிக்கவில்லை, படம் தோல்வி. 1985-இல் மேற்கு ஜெர்மனியில் மறுபடி ரிலீஸானபோது அதே படம் ஹிட்!

க்ளைமாக்ஸ் (ஸ்பாய்லர்!)

புது மாப்பிள்ளையைப் பார்த்து அசந்துபோன பாஸ், லண்டன் பதவியைத் தூக்கி ஓட்டோவுக்கே கொடுத்துவிடுகிறார். ஆளைத் தயார் செய்தது மெக்னமாரா, ஆர்டர் வாங்கியது ஓட்டோ! மெக்னமாராவுக்குக் கிடைப்பது அவர் கேட்கவே கேட்காத அட்லாண்டா. அதாவது, மனைவி ஆசைப்பட்டது நடக்கிறது. ஆனால் அவர் ஆசைப்பட்டார் என்பதற்காக அல்ல. கம்பெனிக்கு அது வசதியாக இருந்தது என்பதற்காக.

கடைசியில் ஏர்போர்ட்டில் குடும்பத்துக்குக் கோக் வாங்கக் காசு போடுகிறார் மெக்னமாரா. மெஷினிலிருந்து வரும் பாட்டில்களில் ஒன்று, பெப்சி!

இந்த ஜோக்கை நிஜமும் பின்னால் வழிமொழிந்தது. 1972-இல் சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் போட்டு உள்ளே நுழைந்தது கோக் அல்ல, பெப்சிதான். மெக்னமாரா குடும்பத்தையே பணயம் வைத்து ஓடிய ரேஸில் ஜெயித்தது போட்டிக் கம்பெனி.

அடுத்த முறை ஹெச்.ஆர் 'ரீலொகேஷன் ஓகேவா?' என்று கேட்டால், பதில் சொல்லும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.