முகமும் இலக்கமும்

முகத்தை அறிதல் கண்ணின் தொழில் மட்டுமன்று. கண், மூக்கு, வாய் என்பவற்றைத் தனித்தனியே கூட்டிப் பாராது, அவற்றின் இடைவெளிகளோடு சேர்ந்த முழுமையாகவே மூளை முகத்தைக் கொள்கிறது. தலைகீழாக வைத்தால் ஏனைய பொருள்களைவிட முகமே இனங்காண்பதற்கு மிகக் கடினமாவதை 1969இல் ரொபேட் யின் காட்டினார். அதே ஆண்டில் மல்பாஸும் கிரவிட்ஸும் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு, பிற இனத்தார் முகங்களை நினைவிற்கொள்வதிலுள்ள தடுமாற்றத்தை வெளிப்படுத்திற்று. உடலியல் கூறுவது இவ்வளவே. எஞ்சியதைச் சமூக உறவுகளிலேயே நாம் தேடவேண்டும்.

இரத்தோட்டைத் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அழைத்துவரப்பட்ட தொழிலாளியின் கழுத்தில் இலக்கம் பொறித்த தகரவில்லை தொங்கிற்று. பிரட்டுக்களத்திலே கங்காணி ஒவ்வொரு முகத்தையும் அறிவான். துரைக்குச் செக்ரோல் இலக்கம் போதுமானது. குறை துரையின் விழித்திரையில் இருக்கவில்லை. முகங்களை வேறுபடுத்தும் தேவையை உற்பத்தி உறவு அவருக்கு ஏற்படுத்தவில்லை. (கங்காணியின் அறிவும் அன்பின் விளைவன்று. கடன்பட்டவன் முகத்தைக் கடன் கொடுத்தவன் மறப்பதில்லை.)

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிடம் தந்தைவழிப் பிறப்புக்கு ஆதாரம் கேட்டது. 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையைத் தோட்ட மக்கள் பலர் நெடுங்காலம் பெறாதிருந்தனர். அட்டைப் படமோ உறுதியான சான்றன்று. 1997இல் பிரித்தானியாவில் கெம்ப் குழுவினர் நடத்திய சோதனையில், பிறர் படம் பதித்த கடனட்டைகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றைக் காசாளர்கள் ஏற்றுக்கொண்டனர். லயத்து அயலவர் இருளிலும் இனங்காணும் முகத்தை, சோதனைச்சாவடியில் நிற்பவர் அட்டையைத் திருப்பித்திருப்பிப் பார்த்தும் அறிவதில்லை.