பதினான்கு வள்ளங்களும் 23 என்ற எண்ணும்

குமரி மாவட்டத்துக் கடியப்பட்டணம் கரையில் பதினான்கு வள்ளங்களை வரிசையாக ஏற்றி வைக்கிறோம். எது முதலில், எது அடுத்து என்று இடம் மாற்றி மாற்றி வைத்தால் எத்தனை விதமாக வைக்கலாம்? 1 முதல் 14 வரை எல்லா எண்களையும் பெருக்கினால் விடை கிடைக்கும்: 87,17,82,91,200. ஒரு விதத்துக்கு ஒரு நொடி என்றாலும் முடிக்க 2,760 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்தப் பெருக்கத்தை 14! என்று பள்ளியில் எழுதுவோம்.

அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். 2 முதல் 14 வரை எதனால் வகுத்தாலும் இப்போது மீதி 1. ஆகவே இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும் 14-ஐ விடப் பெரியதாகத்தான் இருக்கும். தேடினால் அகப்படுவது 23. அதன் துணை 3,79,03,60,487. அதுவும் பகா எண்ணே.

இத்தகைய எண்களைக் கூர்ந்து பார்த்தவர் கணித அறிஞர் எஸ். எஸ். பிள்ளை. 1901இல் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தவர். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தார். பிறகு திருவனந்தபுரம் போனார். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இராமானுஜனை அறிந்த அளவுக்கு இவரையும் அறிய வேண்டும் என்பது என் ஆசை. எந்த முழு எண்ணையும் அதிகம் போனால் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று நிறுவியவர் அவர். 703-க்கு அந்த 73-உம் வேண்டும்: 64 பத்து முறை, 1 அறுபத்து மூன்று முறை.

14!+1 போன்ற எண்களைப் பற்றி அவர் எழுப்பிய கேள்வி எளியது. 5!+1 என்பது 121, அதாவது 11×11. பதினொன்றை 5-ஆல் வகுத்தால் மீதி 1. 6!+1 என்பது 721, அதாவது 7×103. இரண்டையும் 6-ஆல் வகுத்தால் மீதி 1. 7!+1 என்பது 71×71. அங்கும் 7-ஆல் வகுத்தால் மீதி 1. எப்போதும் இப்படித்தானா?

இல்லை. 8!+1 என்பது 61×661. 61-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5. 23-ஐ 14-ஆல் வகுத்தாலோ மீதி 9. இப்படி ஒழுங்கை மீறும் எண்களுக்குத்தான் 'பிள்ளை பகா எண்கள்' என்று பெயர். அவற்றில் மிகச் சிறியது 23.

23 எப்படி உள்ளே வந்தது? 22!+1-ஐ 23 வகுக்கும் என்பது வில்சன் தேற்றம். 19, 20, 21, 22 நான்கையும் பெருக்கி 23-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே அவற்றை நீக்கினாலும் மீதி மாறாது, 18!+1-உம் வகுபடும். அடுத்து 15, 16, 17, 18. 15×16-க்கு மீதி 10, 17×18-க்கு மீதி 7. பத்தேழு எழுபது, அதற்கு மீதி மறுபடி 1. எனவே 14!+1-உம் வகுபடுகிறது. தாளில் போட்டுப் பாருங்கள், இந்த அழகு கைக்கு வரும்.

1950 ஆகஸ்ட் 31இல், அமெரிக்கா செல்லும் வழியில், கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் பிள்ளை இறந்தார். அவர் பெயர் தாங்கிய பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று பின்னாளில் நிறுவப்பட்டது. 18!+1-ஐ மட்டும் பிரித்தாலே நான்கு கிடைக்கின்றன: 19×23×29×61×67×12,36,10,951. இதில் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் 18-ஆல் வகுத்தால் மீதி 1. நடுவிலுள்ள நான்கும் பிள்ளை பகா எண்கள்.