மதிப்பெண்ணுக்கு எடை போடுவது யார்?

2023-ல் திண்டுக்கல் மாணவி ஒருவர் பிளஸ் டூவில் 600-க்கு 600 வாங்கினார். அவர் படித்தது காமர்ஸ் குரூப். இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் “ஃபர்ஸ்ட் குரூப்பில் இது நடக்குமா?” என்று யாராவது கேட்பது வழக்கம். நம் மதிப்பெண் பட்டியல் அந்தப் பேதம் பார்ப்பதில்லை. கணக்குப்பதிவியல் 100 என்றால் இயற்பியலும் 100. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் அப்படியில்லை. சாதாரண வகுப்பில் ‘ஏ’ கிரேடு வாங்கினால் 4 புள்ளி, கல்லூரித் தரத்திலான ஏ.பி. பாடத்தில் அதே ‘ஏ’வுக்கு 5 புள்ளி. கடினமான பாடத்தை எடுத்ததாலேயே ஒரு பிள்ளை ரேங்கில் பின்தங்கிவிடக் கூடாது என்பது நோக்கம். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் அந்த எடையைப் பள்ளி போடக் கூடாது. எந்தப் படிப்புக்குப் போகிறோமோ அந்தப் படிப்பின் வாசலில்தான் போட வேண்டும் என்பது என் கட்சி.

தமிழ்நாட்டில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். பொறியியல் கட்ஆஃப் 200-ல் கணிதம் முழுசாக 100. இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50. தமிழ், ஆங்கிலத்துக்கு ஒன்றுமில்லை. கணிதம் 90, இயற்பியல் 80, வேதியியல் 80 வாங்கியவருக்கு 170 வரும். கணிதம் 80, மற்ற இரண்டிலும் 90 வாங்கியவருக்கும் அதே 170. இரண்டாமவர் மொத்தத்தில் 10 மதிப்பெண் கூடுதல். ஆனாலும் கட்ஆஃப் சமமானால் முதலில் பார்ப்பது கணிதத்தை என்பதால் முந்துவது முதலாமவர்தான். வேளாண்மைப் படிப்புக்கோ அறிவியல் குரூப்பின் நான்கு பாடங்களுக்கும் தலா 50. பொறியியலில் செல்லாத தமிழ் மதிப்பெண், அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் கேட்டால் அதுவே எல்லாம். ஒரே பட்டியல், வாசலுக்கு வாசல் வேறு எடை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் பள்ளி தரும் கூட்டலை அப்படியே நம்பாமல் தானே கணக்கிட்டு, கூடுதல் புள்ளிக்கு உச்சவரம்பும் வைக்கிறது.

பட்டியலிலேயே சலுகை இல்லாவிட்டால் பிள்ளைகள் சுலபமான பாடத்துக்கு ஓடமாட்டார்களா என்று கேட்கலாம். ஓடுபவர்கள் இருப்பார்கள்தான். ஆனால் பொறியியல் வேண்டும் என்பவர் கணிதத்தைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாதே. சி.பி.எஸ்.இ. 2020 பத்தாம் வகுப்புத் தேர்வு முதல் கணிதத்தை ‘ஸ்டாண்டர்டு’, ‘பேசிக்’ என இரண்டாகப் பிரித்தது. கடினமானதை எழுதியவருக்கு ஒரு மதிப்பெண்கூட ஏற்றிப் போடவில்லை. எதை எழுதினார் என்று குறித்ததோடு சரி. தவிர, கணக்குப்பதிவியல் இயற்பியலைவிட எளிது என்று எந்தத் தராசு சொன்னது? அந்தத் தீர்ப்பைப் பள்ளியிடம் விட்டால், ரேங்குக்காகவே பாடம் எடுக்கும் பழக்கம்தான் வளரும்.

எடை சாதாரணக் கருவி அல்ல. எது கணக்கில் வராதோ அதை வகுப்பறை கைவிட்டுவிடும். பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே பிளஸ் டூவுக்குத் தாவிய பள்ளிகளைத் தடுக்கத்தான் 2017-ல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. மறு ஆண்டே, உயர்கல்விக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று அரசு பின்வாங்கியது. பிள்ளைகளின் சுமையைக் காரணம் காட்டினார்கள்; அது பொய்யில்லை. ஆனால் பழைய குறுக்குவழி அதனால் மறுபடி திறந்தது.

பள்ளியில் இல்லாத பாடத்துக்கு எடை போட்டால் அது தண்டனையாகிவிடும். ஏ.பி. வகுப்பே இல்லாத அமெரிக்கப் பள்ளிகளின் மனக்குறை அதுதான். நத்தத்திலோ வேடசந்தூரிலோ கிராமத்துப் பள்ளியில் படிப்பவருக்கு, அங்கே இல்லாத குரூப்பை எடுக்கவில்லை என்று குறை சொல்ல முடியுமா? ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும் பொறியியல் போன்ற படிப்புகளில் 2021-லும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டை, பாடத்துக்கு அல்லாமல் படித்த சூழலுக்குத் தரப்பட்ட எடையாகவே நான் பார்க்கிறேன். தகுதிக்கு விரோதம் என்பார்கள். அந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் மதிப்பெண் வரிசைப்படிதான் இடம் கிடைக்கிறது. மருத்துவத்துக்கான சட்டம் செல்லும் என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு இது கிடையாது என்பதற்கு மட்டும் எனக்கு நியாயம் புரியவில்லை. அங்கும் பெரும்பாலும் அதே கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள்.