சரியும் வெண்பனி

2016 பிப்ரவரி 3ஆம் நாள், சியாச்சின் பனியாற்றின் வடபகுதியில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த காவல்நிலை ஒன்றின்மீது பெரும் பனித்திரள் சரிந்து விழுந்தது. மதராஸ் படைப்பிரிவின் 19ஆம் அணியைச் சேர்ந்த பத்து வீரர்கள் அதனுள் புதையுண்டனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டவர். ஆறாம் நாளில் ஹனுமந்தப்பா என்னும் கர்நாடக வீரர் ஒருவர் மட்டும் உயிருடன் மீட்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று தில்லி மருத்துவமனையில் அவரும் உயிர்நீத்தார்.

தமிழர் வகுத்த பெரும்பொழுதுகள் ஆறனுள் இரண்டு பனியின் பெயரால் அமைந்தவை. எனினும், அது மார்கழி விடியலில் புல்நுனியில் நின்று, கதிரவன் எழுந்ததும் மறையும் பனி. உயர்மலைகளை மூடும் வெண்பனியோ மாதக்கணக்கில் தங்கி, ஒவ்வொரு பொழிவிலும் ஓர் அடுக்காக வளர்வது. அவ்வடுக்குகள் ஒரே தன்மையின அல்ல என்பதே பனிச்சரிவின் மூலகாரணம்.

பனிப்படலத்தின் அடிப்பகுதி நிலத்தின் வெப்பத்தால் உறைநிலையை ஒட்டியே இருக்கும். மேற்பரப்போ கடுங்குளிரில் இருக்கும். படலம் மெல்லியதாயின் இவ்வேறுபாடு மிகும். அப்போது அடியிலிருந்து எழும் நீராவி பனித்துகள்களின்மீது மீண்டும் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டாத பருமணிகளை உருவாக்கும். கையில் அள்ளினால் அவை சர்க்கரைபோல் உதிரும். இத்தகைய வலுவற்ற அடுக்கின்மேல் காற்று கொணர்ந்து குவிக்கும் புதுப்பனி இறுகிப் பலகைபோல் படியுமாயின், சரிவு நிகழ்வதற்குரிய சூழல் அமைந்துவிடுகிறது. அப்பலகையின்மேல் மனிதன் ஒருவன் நடப்பதே போதும். அவனது எடையால் அடியிலுள்ள அடுக்கு நொறுங்க, அந்நொறுங்கல் கண நேரத்தில் பக்கவாட்டில் பரவும். மேலே பலகை பிளந்து கீழ்நோக்கி நழுவும். பிளவு பெரும்பாலும் நடப்பவனுக்கு மேலேயே தோன்றுவதால் அவன் தப்புவது அரிது. மலைப்பயணிகளைக் கொல்லும் சரிவுகளுள் மிகப் பெரும்பாலானவை அவர்களாலோ உடன் வந்தவர்களாலோ தூண்டப்பட்டவையே. உரத்துக் கூவினால் பனி சரியும் என்பது திரைப்படங்கள் வளர்த்த கற்பனை.

சரிவுக்கு இடம் கொடுப்பவை பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த மலைப்பக்கங்கள். இதனினும் செங்குத்தான இடங்களில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். சாய்வு குறைந்த இடங்களில் அது நழுவுவது அரிது. ஆயினும், சமநிலத்தில் நிற்பவரும் மேலுள்ள சரிவிலிருந்து வரும் பனியில் சிக்கக்கூடும். ஆகவே தேர்ந்த பயணி சாய்வை அளந்து வழியை வகுக்கிறார்; காற்று பனியைக் கொண்டுவந்து சேர்க்கும் மறுபக்கத்தைத் தவிர்க்கிறார்; பெரும்பொழிவு ஓய்ந்தபின் ஓரிரு நாள் பொறுக்கிறார். காலடியில் 'வும்' என்னும் ஆழ்ந்த ஒலி எழுந்தாலோ, பனியில் கீறல் ஓடினாலோ உடனே திரும்பிவிடுகிறார். ஐயத்திற்குரிய சரிவைக் கடக்க நேர்ந்தால் குழுவினர் ஒவ்வொருவராகவே செல்வர். ஏனையோர் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரைக் கண்காணிப்பர்.

சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலுள்ள பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் சரிவு அபாய அறிக்கை வெளியிடுகிறது. ஐரோப்பிய நாடுகள் அபாயத்தை ஐந்து நிலைகளாகப் பகுத்துள்ளன. உயிரிழப்புகள் மிகுவது ஐந்தாம் நிலையில் அன்று, மூன்றாம் நிலையிலேயே. உச்சநிலை அபாயத்தில் எவரும் மலையேறத் துணிவதில்லை. மூன்றாம் நிலையிலோ வானம் தெளிந்திருக்கும். முன் சென்றோரின் தடங்களும் தென்படும். அத்தடங்கள் சரிவின் உறுதிக்குச் சான்றாகா. பத்துப் பேரைத் தாங்கிய பனி பதினோராமவரின் அடியில் பிளந்த நிகழ்ச்சிகள் உண்டு. பல ஆண்டுகள் பழகிய மலை என்னும் நம்பிக்கையும் அனுபவம் மிக்கோரை ஏமாற்றியிருக்கிறது.

ஓடும்போது நீர்போல் பாயும் பனி, நின்றவுடன் இறுகிவிடும். புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க இயலாது. பலர் மூச்சுத்திணறியே இறக்கின்றனர். 1994இல் வெளியான ஆய்வொன்றின்படி, 15 நிமிடங்களுக்குள் மீட்கப்பட்டோருள் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தனர். 35 நிமிடங்கள் கடந்தபோது அது பத்தில் மூவராகக் குறைந்தது. மீட்புப்படை வந்து சேர்வதற்குள் அக்காலம் கழிந்துவிடுமாதலால், உடன் சென்றோரே மீட்போராகின்றனர்.

இதற்கென ஒவ்வொருவரும் மூன்று பொருள்களைச் சுமக்கின்றனர். முதலாவது, 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் வானொலிக் கருவி. பயணம் முழுதும் அது குறிப்பலைகளை அனுப்பிக்கொண்டிருக்கும். சரிவு நேர்ந்ததும் எஞ்சியோர் தம் கருவிகளை ஏற்கும் நிலைக்கு மாற்றி, புதைந்தவரின் அலையைத் தேடிச் செல்வர். அலை வலுத்த இடத்தில் மடக்குக்கோலை விரித்துப் பனியுள் செலுத்தித் துழாவி, உடல் கிடக்கும் இடத்தை உறுதிசெய்வர். அடுத்தது மண்வாரியின் வேலை. ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை வெளிக்கொணர ஒரு டன்னுக்கும் மேற்பட்ட பனியை அகற்ற நேரிடலாம். எனவே கோலுக்கு நேர் மேலே நின்று தோண்டாமல், சரிவின் கீழ்ப்புறத்திலிருந்து பக்கவாட்டில் தோண்டிச் செல்வர். மேலே நின்றால் புதைந்தவரின் முகத்தருகே எஞ்சியிருக்கும் சிறிய காற்றிடமும் மிதிபட்டு மூடிவிடும்.