பிரயாணத்தில் மயங்கும் வைஃபை அட்டை

கோடை விடுமுறையில் கிங்ஸ் சர்க்கிள், மாதுங்கா வட்டாரத்திலிருந்து திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் புறப்படும் நம் குடும்பங்கள் பலவற்றில் இப்பொழுது ஒரு மடிக்கணினியும் உடன் பிரயாணம் செய்கிறது. அலுவலக வேலையை ஊரிலிருந்தே பார்ப்பதாகச் சொல்லி, அதன் பேரில் கூடுதலாகப் பத்து நாள் தங்க அனுமதி பெற்றுச் செல்வோர் உண்டு. ஊர் சேர்ந்த மறுநாள் காலையில் கணினியில் வைஃபைக் குறியே காணாமற் போயிருந்தால் அவர் நிலை என்னாவது? அந்தப் பத்து நாளும் சம்பளமில்லா விடுப்பாகும். அன்றேல், பக்கத்து டவுனுக்கு ஓடி, "மதர்போர்டு போய்விட்டது" என்னும் தீர்ப்பைப் பணம் கொடுத்து வாங்கி வர நேரும். பெரும்பாலும் இவ்விரண்டும் வேண்டியதில்லை.

வைஃபை அட்டை என்பது பெரும்பாலான மடிக்கணினிகளில் 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உள்ள சிறு பலகை. அதற்குள் தனி மூளை ஒன்று உண்டு. கணினி விழிக்கும்போது 'டிரைவர்' எனப்படும் மென்பொருள், அந்த மூளைக்கு வேண்டிய நிரலை ஊட்டிவிடும். அந்நிரல் இடையில் திகைத்து நின்றுவிடுவதையே அட்டை 'க்ராஷ்' ஆயிற்று என்கிறோம். ஆகவே இது பலமுறை வெறும் மயக்கமே, மரணம் அன்று.

வீட்டில் நன்றாயிருந்தது பிரயாணத்தில் மயங்குவானேன்? முப்பது மணி நேரத்துக்கும் மேற்பட்ட ரயில் பயணத்தில் கணினியைப் பத்துத் தடவை திறக்கிறோம், மூடுகிறோம். ஒவ்வொரு தடவையும் அட்டை உறங்கி எழ வேண்டும். பாட்டரியைக் காக்கும் பொருட்டு விண்டோஸ் அதன் மின்சாரத்தையும் குறைக்கிறது. போதாக்குறைக்கு, உறக்க நிலையிலேயே பைக்குள் திணித்த கணினி சில சமயம் உள்ளேயே விழித்துக்கொண்டு சூடேறும்.

ஒன்றை முதலில் பிரித்தறிதல் வேண்டும். ரயில்வேயின் இலவச வைஃபை 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கி, இன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களில் கிடைக்கிறது. அது நிலையத்து எல்லைக்குள் மட்டுமே. சோலாப்பூரில் கிட்டிய இணைப்பு வண்டி நகர்ந்ததும் அறுந்தால் அட்டையின்மேல் பழியில்லை. சுற்றியுள்ள வைஃபைப் பெயர்கள் திரையில் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அட்டை உயிரோடிருக்கிறது.

பெயர் ஒன்றும் தெரியவில்லையா? முதலில் ஏரோப்ளேன் மோட் தவறிப்போய் அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு கணினியை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். "மூடித் திறந்தாயிற்றே!" என்பார் சிலர். அவர்கள் மூடியது மூடியைத்தான்! 'ஷட் டவுன்' கொடுத்தாலும் போதாது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, விரைவாகத் துவங்கவேண்டி, பல கணினிகள் ஷட் டவுனில் முழுவதும் அணைவதில்லை. பழைய நிலையைச் சேமித்து வைத்து, அதையே மீண்டும் எடுத்துக்கொள்கின்றன. ரீஸ்டார்ட்தான் யாவற்றையும் புதிதாகத் துவக்குகிறது. அதற்கும் மசியாவிடின், ஷிப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை முப்பது விநாடி பிடித்திருந்து, பிறகு துவக்குங்கள். செத்ததாகக் கைவிடப்பட்ட அட்டைகள் பல இதில் எழுந்துவிடும்.

அடிக்கடி மயங்குமாயின் 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் வைஃபை அட்டையைத் திறந்து, 'பவர் மேனேஜ்மென்ட்' என்பதில், மின்சாரம் மிச்சப்படுத்த அட்டையை அணைக்கலாம் என்னும் குறியை நீக்கலாம். சில புதிய கணினிகளில் இப்பகுதி இராது. அண்மையில் டிரைவர் புதுப்பிக்கப்பட்ட பின்னரே தொல்லை வந்ததெனில், அங்கேயே 'ரோல் பேக்' கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம். ஒரு விபரீதம் மட்டும் வேண்டாம்: வழியில் இருக்கும்போது டிரைவரை அடியோடு அழித்துவிடாதீர்கள். புதியதை இறக்கிக்கொள்ள இணையம் வேண்டும். இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும்! புறப்படுமுன்பே கணினி உற்பத்தியாளரின் தளத்திலிருந்து அதை இறக்கி ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்வோர் புத்திசாலிகள்.

எதுவும் பலிக்காத வேளைக்கு உங்கள் கைபேசியே துணை. கைபேசியைக் கேபிளால் கணினியுடன் பிணைத்து 'யு.எஸ்.பி. டெதரிங்' இயக்கினால், வைஃபை அட்டையின் தயவின்றியே கைபேசியின் இணையம் கணினிக்கு வந்து சேரும். சில மலிவான கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், தகவலைக் கடத்தா. ஐபோன் வைத்திருப்போர் விண்டோஸ் கணினியில் ஆப்பிளின் மென்பொருளையும் முன்னதாகவே நிறுவ வேண்டும். ஆகையால் இந்த ஒத்திகையை வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுவது நலம்.

அட்டை உண்மையாகவே பழுதாகியிருப்பினும், கடையில் மதர்போர்டைப் பற்றிய பேச்சு எழுமுன், "இது செருகிய அட்டையா, பலகையோடு பற்றவைத்ததா?" என்று கேளுங்கள். செருகியதாயின் அட்டையை மட்டும் மாற்றினால் போதும். பற்றவைத்ததாயின், லாமிங்டன் ரோடு கடைகளிலும் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும் கட்டைவிரல் அளவான யு.எஸ்.பி. வைஃபை டாங்கிளைச் செருகி வேலையைத் தொடரலாம்.