முகவரி இல்லாதவரா தொழிலாளி?

"எந்த ஊர்?" என்று கேட்டால் சொல்லுவார். "எந்தத் தெரு?" என்று கேட்டாலும் சொல்லுவார். "அந்தத் தெருவிலேதான் குடியிருக்கிறீர் என்பதற்கு அத்தாட்சி எங்கே?" என்று கேட்டால் மட்டும் வாயடைத்து நிற்கிறார் நம் தோழர்.

இராமநாதபுரம் சீமையிலே மழை பொய்த்தது. பிழைப்புத் தேடித் திருப்பூர் வந்தார். பனியன் கம்பெனியில் வேலை. லைன் வீட்டில் ஒற்றை அறை. மாதம் தவறாமல் வாடகை கொடுக்கிறார், ரசீது கிடையாது. மின்சார மீட்டர் வீட்டுக்காரர் பெயரில். வீட்டு வரி ரசீதும் அவர் பெயரில். ஒப்பந்தம் எழுதிக் கேட்டால், "வேறு இடம் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிடுவாரோ என்ற அச்சம். வாடகை ஒப்பந்தம் எழுத்திலே இருக்கவேண்டும் என்று சொல்லும் சட்டம் 2019 பிப்ரவரியிலேயே தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது. சட்டம் ஏட்டிலே, தோழர் லைன் வீட்டிலே!

"கூலியைக் கையில் தரமாட்டோம், பாங்க் கணக்கு கொண்டு வா" என்கிறது கம்பெனி. "முகவரிக்கு அத்தாட்சி கொண்டு வா" என்கிறது பாங்க். பிறந்தது முதல் காட்டிவந்த ரேஷன் கார்டை எடுத்து நீட்டினால், அது பட்டியலிலே இல்லையாம். அரை நாள் கூலியையும் இழந்து, படிவத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்புகிறார்.

ஏன் இந்தக் கெடுபிடி? கள்ளப் பணத்தை வெள்ளையாக்குவோரைப் பிடிக்க 2002இல் சட்டம் செய்தார்கள். 2005 ஜூலை முதல் தேதி அது அமலுக்கு வந்தது. நோக்கத்திலே நாம் குறை காணவில்லை. பொய்ப் பெயரில் கணக்கு வைத்துக் கோடிகளைப் புரட்டுபவன் பிடிபடத்தான் வேண்டும். ஆனால் அவனிடம் வரி ரசீது உண்டு, பாஸ்போர்ட் உண்டு, பத்திரம் உண்டு! சுறாவுக்கு விரித்த வலையிலே நெத்திலி அல்லவா சிக்கித் தவிக்கிறது?

1969 ஜூலை 19ஆம் நாள் 14 பெரிய பாங்குகள் நாட்டுடைமையாயின. ஏழைக்கும் பாங்கின் கதவு திறக்கும் என்றார்கள். அந்நாளிலே, கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போடவேண்டும். அன்று ஆளைத் தேடி அலைந்தார் தொழிலாளி. இன்று காகிதத்தைத் தேடி அலைகிறார்.

ஆனால், தோழர்களே, வெறுங்கையோடு திரும்பவேண்டிய அவசியம் இல்லை! விதியைப் படித்தவர் குறைவு என்பதனாலேயே திருப்பி அனுப்பப்படுவோர் தொகை பெருகுகிறது.

முதலாவது: சொந்த ஊர் முகவரி உள்ள வாக்காளர் அட்டையோ, ஓட்டுநர் உரிமமோ, ஆதாரோ செல்லாத காகிதம் அல்ல. நிரந்தர முகவரி அல்லது தற்போதைய முகவரி, இரண்டில் ஒன்றுக்கு அத்தாட்சி இருந்தால் போதும் என்று ரிசர்வ் பாங்க் 2014 ஜூனிலேயே அறிவித்தது. ஆதாரைப் பாங்கிலே மின்னணு முறையில் சரிபார்த்துக் கணக்குத் தொடங்குவோர், இப்போது குடியிருக்கும் முகவரியைத் தாமே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். வாடகைப் பத்திரம் இல்லாமல் கணக்கே கிடையாது என்று விதி எங்கும் சொல்லவில்லை.

இரண்டாவது: எந்த அத்தாட்சியும் இல்லாதவருக்கும் வழி உண்டு. அதற்குச் 'சிறு கணக்கு' என்று பெயர். புகைப்படம் ஒன்று, பாங்க் அதிகாரி முன்னிலையில் கையெழுத்து அல்லது கைரேகை. அவ்வளவே! ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை வரவு வைக்கலாம். மாதம் 10,000 வரை எடுக்கலாம். இருப்பு 50,000ஐத் தாண்டக் கூடாது. முதலில் 12 மாதம் செல்லும். அதற்குள் அத்தாட்சிக்கு மனுச் செய்ததைக் காட்டினால், மேலும் 12 மாதம் நீட்டிக்கப்படும்.

மூன்றாவது: கவுண்டருக்குள் இருப்பவரும் உழைப்பாளியே, அவரோடு சண்டை வேண்டாம். "மறுப்பதற்கான காரணத்தை எழுதித் தாருங்கள்" என்று பணிவோடு, ஆனால் உறுதியோடு கேளுங்கள். மேலாளருக்கு மனுக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை.

படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலையிலே பத்திரிகை படித்துக் காட்டும்போது இதையும் படித்துக் காட்டுங்கள். கணக்கு இல்லாத தோழர் பக்கத்து அறையிலே இருப்பார். நாளைக் காலை அவரோடு நீங்களும் பாங்குக்குப் போய் வாருங்கள். தனியே போனவரைத் திருப்பி அனுப்புவது எளிது. விதி தெரிந்த துணையோடு போகிறவரை அவ்வளவு எளிதில் அனுப்பிவிட முடியாது.

வாடகை கொடுத்து வாழ்பவருக்கும் முகவரி உண்டு. அதை நாடு ஒப்புக்கொள்ளும்படி செய்வது நம் கடமை.